குளிர் காற்றின் கணக்கு: பங்காவில் இருந்து இன்வேட்டர் வரை

2022 ஓகஸ்ட் மாதம் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது. ஒன்பது வருசமாகக் கூட்டப்படாமல் கிடந்த கட்டணம் அது. ஆறே மாதத்தில், 2023 பெப்ரவரியில், இன்னொரு 66 வீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பழைய பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்குப் பிறகு கட்டணம் சில தடவை இறங்கியது, சில தடவை ஏறியது. ஆனால் மீற்றர் பார்க்கிறவர் கேற்றடியில பில்லை நீட்டேக்க வாற படபடப்பு மட்டும் இன்னும் போகேல்லை.

அந்த நாட்களில் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரியான அறிவுரைகள் சுற்றின. ஏசியை 26இல் வையுங்கோ. ஃபில்டரைக் கழுவுங்கோ. நீச்சல் தடாகம் இருக்கிற வீடு, கெஸ்ட் ஹவுஸ் எண்டால் பம்பியை மெதுவா ஓட விடுங்கோ. எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் ஏன் 26? மெதுவா ஓடினா ஏன் காசு மிச்சம்? இதை யாரும் விளக்கவில்லை. ஒவ்வொரு அறிவுரைக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் குளிர் காற்றை ஒருவர் அனுபவிக்க, அதற்கான விலையை இன்னொருவர் கொடுத்ததும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

கயிறு இழுத்த கைகள்

மின்சாரம் வருவதற்கு முன்னரும் குளிருக்கு ஒரு கணக்கு இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளைக்கார துரைமாரின் பங்களாக்களில், நீதிமன்றங்களில், தேவாலயங்களில் கூரையில் இருந்து ஒரு பெரிய துணிச்சட்டம் தொங்கும். அதுதான் பங்கா. அதில் கட்டிய கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். வெளியே விறாந்தையில் ஒருவர் குந்தியிருந்து இரவு முழுக்க அதை இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே காற்று, வெளியே வேர்வை.

இழுக்கிறவர் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். காற்று நின்றால் உள்ளே இருப்பவருக்கு விழிப்பு வரும். பிறகு உதைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியாவில், பங்கா இழுத்தவர்களை அடித்துக் கொன்ற வழக்குகளே நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. பல வழக்குகளில் தண்டனை வெறும் அபராதத்தோடு முடிந்தது. இன்று ஒரு சுவிச்சைத் தட்டினால் நடக்கிற வேலைக்கு அன்று ஒரு மனிதனின் நித்திரை போனது, சில வேளை உயிரே போனது.

இதே காலத்தில்தான் ஐஸ் வியாபாரமும் நடந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வழியில் ஒரு பங்கு உருகிப் போனது, மிச்சத்தில் இலாபம் கிடைத்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிற கட்டடம், 1842இல் இந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டதுதான். சென்னைக்காரர் இன்றைக்கும் அந்த இடத்தை ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வார்கள். காசுள்ளவர்களுக்குக் குளிர் எப்போதும் வாங்கக்கூடிய சரக்காகவே இருந்திருக்கிறது.

காசில்லாதவர்கள் வீட்டைக் கட்டுகிற விதத்தில் குளிரைத் தேடினார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்த முற்றம். நாலு பக்கமும் விறாந்தை. தடித்த சுவர், அதற்குச் சுண்ணாம்புச் சாந்து. சூடான காற்று முற்றத்தால் மேலே போக, விறாந்தைப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தாலே போதும். வளவில் வேம்பும் மாவும் நிழல் தரும். வசதி குறைந்த வீடுகளுக்குக் கிடுகுக் கூரை, பனையோலைக் கூரை. மழைக்கு ஒழுகினாலும் வெயிலை அது உள்ளே விடாது. பழைய காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முற்றத்தில் யார் நிற்கலாம், யார் படலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. நிழலும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் வெப்பத்தைக் கட்டடத்தால் சமாளிக்கலாம் என்ற அறிவு அங்கே இருந்தது. அதைத்தான் பிறகு தொலைத்தோம்.

கடதாசிக்காகப் பிறந்த இயந்திரம்

ஏசி மனிதனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, கடதாசிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்கு ஒரு தலையிடி. கோடை காலத்தில் காற்றின் ஈரப்பதனால் கடதாசி விரிந்து சுருங்கும். ஒரு நிறத்தை அச்சடித்து, அதன் மேல் அடுத்த நிறத்தை அடிக்கும்போது இரண்டும் பொருந்தாது. இந்தப் பிரச்சினை வில்லிஸ் கரியர் என்ற 25 வயது பொறியியலாளரிடம் வந்தது. அவர் குளிர்ந்த குழாய்களுக்கு மேலால் காற்றை அனுப்பி அதிலிருந்த ஈரத்தை இறக்கினார். இன்றைய வளிச்சீராக்கியின் தொடக்கம் அது.

இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்தால் ஏசி பற்றிய பாதி விளக்கம் வந்துவிடும். ஏசி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காற்றின் வெப்பத்தைக் குறைப்பது. மற்றது, காற்றில் இருக்கிற நீராவியைத் தண்ணீராக்கி வெளியே விடுவது. வீட்டுக்கு வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். எங்களைப் போலப் புழுக்கமான நாட்டில் இந்த இரண்டாவது வேலைக்கே நிறைய மின்சாரம் போகும். அதனால்தான் ஏசி அறைக்குள் ஈர உடுப்பைக் காயப்போடக் கூடாது. அதனால்தான் குளியலறைக் கதவும் யன்னல் இடைவெளியும் மூடி இருக்க வேண்டும். கதவிடுக்கால் வருவது வெறும் சூடான காற்று இல்லை, தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. அதையும் உங்கட காசில்தான் இயந்திரம் வடித்துக் கொட்டுகிறது.

கரியரின் இயந்திரம் அச்சகத்தில் இருந்து துணி ஆலைக்குப் போனது, பிறகு சினிமாத் தியேட்டருக்கு வந்தது. 1925இல் நியூயோர்க் ரிவோலி தியேட்டரில் அதைப் பொருத்தினார்கள். சனம் படம் பார்க்கப் போனதா, குளிர் காயப் போனதா என்று சொல்ல முடியாத நிலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யன்னலில் பொருத்துகிற சின்ன ஏசிகள் அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தன.

அதோடு வீடுகளும் மாறின. அமெரிக்காவின் தென்மாநில வீடுகளில் முன்பு உயரமான கூரை, அகலமான முன்விறாந்தை, எதிரெதிர் யன்னல்கள் இருந்தன. எல்லாம் வெப்பத்துக்காகச் செய்தவை. ஏசி வந்ததும் இவை வீண் செலவாகத் தெரிந்தன. கூரை தாழ்ந்தது, விறாந்தை போனது, திறக்காத கண்ணாடி வந்தது. கட்டுகிற முதலாளிக்குச் செலவு குறைவு. ஆனால் மிச்சம் பிடித்த காசை வீட்டில் இருக்கப் போகிறவர் மாதாமாதம் மின்கட்டணமாகக் கட்ட வேண்டும். ஏசி நின்றால் அந்த வீட்டில் இருக்கவே முடியாது. பின்வளவில் நீச்சல் தடாகம் வைத்துக்கொள்வதும் அதே காலத்தில்தான் பரவியது. எண்ணெய் மலிவு, மின்சாரம் மலிவு, யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1973: கணக்குப் பார்க்க வைத்த வருசம்

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நாலு மடங்கானது. மேற்கு நாடுகளும் ஜப்பானும் முதல் தடவையாக ஒவ்வொரு யூனிற்றையும் எண்ணத் தொடங்கின. 1979இல் ஈரானியப் புரட்சியோடு இரண்டாவது நெருக்கடி வந்தது. அந்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், பொதுக் கட்டடங்களிலும் வணிகக் கட்டடங்களிலும் கோடையில் 78 பாகை பரனைற்றுக்குக் கீழே குளிராக்கக் கூடாது என்று விதி போட்டார். செல்சியஸில் அது ஏறக்குறைய 25.5. வாட்ஸ்அப்பில் வருகிற 26இன் பாட்டன் இதுதான். 1981இல் ரீகன் வந்ததும் அந்த விதியை எடுத்துவிட்டார். ஆனால் எண் அழியவில்லை. 2005இல் ஜப்பான் 'கூல் பிஸ்' என்ற திட்டத்தில், கோட்டும் டையும் இல்லாமல் வேலைக்கு வாருங்கள், அலுவலகத்தை 28இல் வைக்கலாம் என்றது. 2020 ஜனவரியில் இருந்து இந்தியாவில் விற்கப்படும் நட்சத்திரக் குறியுள்ள வீட்டு ஏசிகள் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று ஆனது. ஒரு பாகை கூட்டினால் மின்சாரம் ஏறத்தாழ 6 வீதம் குறையும் என்பது அந்த நாட்டு வலுத் திறன் பணியகத்தின் கணக்கு. அப்ப 22இல் வைக்கிற ஆள் 26க்குப் போனால் கிட்டத்தட்ட காற்பங்கு மிச்சம்.

ஜப்பான் விதியோடு நிற்கவில்லை, இயந்திரத்தையே மாற்றியது. பழைய ஏசியின் கொம்பிரசருக்கு இரண்டே நிலைதான். ஓடும், இல்லாட்டி நிற்கும். நீங்கள் 16இல் வைத்தாலும் 26இல் வைத்தாலும் ஓடுகிற வேகம் ஒன்றுதான். 16இல் வைத்தால் கெதியாக் குளிரும் என்று நினைப்பது பிழை. நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 1980இல் தோஷிபா நிறுவனம் வணிகக் கட்டடங்களுக்கும், 1981இல் வீடுகளுக்கும் இன்வேட்டர் ஏசியைக் கொண்டுவந்தது. இதில் மோட்டரின் வேகத்தையே தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். அறை குளிரும் வரைக்கும் வேகமாக ஓடும். குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடி அதே நிலையைப் பிடித்து வைத்திருக்கும்.

மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவது எப்படி மலிவாகும்? இதற்கு நல்ல உதாரணம் நீச்சல் தடாகப் பம்பிதான்.

மெதுவா ஓடினா ஏன் மிச்சம்?

எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது விளங்கும். சோளகத்துக்கு எதிராக மெதுவாக மிதித்தால் போய்ச் சேரலாம். வேகத்தை இரண்டு மடங்காக்கப் பார்த்தால் கால் இரண்டு மடங்கு நோவதில்லை, மூச்சே நின்றுவிடும். காற்றை வெல்லத் தேவையான வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு வலு.

குழாயில் தண்ணீரைச் சுற்ற விடுகிற பம்பிக்கும் ஏறக்குறைய இதே விதி. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியளவுதான் ஓடும். ஆனால் தேவைப்படும் வலு எட்டில் ஒரு பங்கு. அதே அளவு தண்ணீரை வடிகட்ட இரண்டு மடங்கு நேரம் ஓடவேண்டும். எட்டில் ஒரு பங்கை இரண்டால் பெருக்கினால் நாலில் ஒரு பங்கு. எண்களில் பார்ப்போம். ஒரு குதிரைவலுப் பம்பி ஏறத்தாழ 1 கிலோவாட் எடுக்கும். நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 8 யூனிற், மாதத்துக்கு 240. அதையே அரை வேகத்தில் 16 மணித்தியாலம் ஓட விட்டால் கணக்குப்படி நாளுக்கு 2 யூனிற், மாதத்துக்கு 60. நடைமுறையில் மோட்டரின் இழப்புகளால் இவ்வளவு துல்லியமாக வராது. என்றாலும் பாதிக்கு மேல் மிச்சம் வரும்.

அமெரிக்காவில் இந்த உண்மையைச் சட்டமாக்கவே பல வருடம் எடுத்தது. ஒரே வேகத்தில் ஓடுகிற தடாகப் பம்பிகளுக்கு முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது கலிபோர்னியா மாநிலம். 2021 ஜூலையில் இருந்து நாடு முழுவதும் புதிய தடாகப் பம்பிகளுக்குத் திறன் விதிகள் வந்தன. சந்தை பெரும்பாலும் வேகம் மாற்றக்கூடிய பம்பிகளுக்கு மாறியது. வடக்கில் இன்றைக்குத் தடாகம் வைத்திருக்கிற விடுதிகளும், வெளிநாட்டில் இருந்து வாற சொந்தங்களுக்காகக் கட்டின வீடுகளும் ஒரே வேகப் பம்பியை இருபத்துநாலு மணித்தியாலமும் ஓட விட்டால், அது அறியாமைக்குக் கட்டுகிற வரி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த விதி உங்கட கிணற்றுப் பம்பிக்குச் சரிவராது. தடாகத்தில் தண்ணீர் ஒரே மட்டத்தில் சுற்றுகிறது. கிணற்றுப் பம்பியோ தண்ணீரைக் கூரைக்கு மேலே தாங்கிக்குத் தூக்குகிறது. வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் மேலே ஏறவே ஏறாது. அங்கே மிச்சம் பிடிக்கிற வழி வேறு. அடி வால்வு ஒழுகாமல் பார்ப்பது, தாங்கி நிரம்பி வழியாமல் மிதவை வைப்பது, வீட்டுக்குள் ஒழுகுகிற பைப்பைத் திருத்துவது.

எங்கட மின்சாரம் எங்கிருந்து வந்தது

இலங்கையில் நீர்மின் கனவைக் கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே ஆய்வுரை படித்தார். ஆட்சியாளர்கள் இழுத்தடித்து, லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது 1950 ஆகிவிட்டது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. 1980களில் மகாவலித் திட்டத்தின் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் வந்தன.

இந்த வரலாற்றைப் பாடப்புத்தகம் இந்த அளவில் நிறுத்திவிடும். நாங்கள் நிறுத்தக்கூடாது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் நீர் மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றிக் கொழுந்து பறித்த தொழிலாளரின் லயங்களுக்கு மின்சாரம் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. கம்பி அவர்களின் தலைக்கு மேலால் கொழும்புக்குப் போனது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதற்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில்தான் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வா வீட்டை, 1960களின் தொடக்கத்தில், முற்றத்தைச் சுற்றிக் கட்டினார். உள்ளூர்ப் பொருட்கள், ஓட்டுக்கூரை, நிழல், காற்று. நாற்சார் வீட்டின் அறிவு நவீன வீட்டுக்குள் வர முடியும் என்று அது காட்டியது. கதவு திறந்த பிறகு ஏசிகளும் கண்ணாடிக் கட்டடங்களும் வந்தன. முதலில் வங்கி, பிறகு கடை, பிறகு படுக்கையறை. மழையை நம்பிய மின்சாரத்துக்கு அது தாங்கவில்லை. 1996இலும் 2001இலும் வரட்சி வந்தபோது நீண்ட மின்வெட்டு. அதன் பிறகு டீசல், எண்ணெய், நிலக்கரி. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் தொடங்கி 2014இல் முழு அளவை எட்டியது. எரிபொருளுக்கு டொலர் வேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தபோது ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அந்த 13 மணித்தியாலம் புதிசில்லை. 1990இல் போர் மறுபடி தொடங்கிய பின் தேசிய மின்வலையமைப்பு அறுந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் ஒரு தலைமுறை ஓஎல், ஏஎல் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். ஒரு யூனிற் மின்சாரம் எவ்வளவு உழைப்பு என்பதை உடம்பால் அறிந்த சமூகம் எங்களுடையது. தேசிய வலையமைப்போடு திரும்ப இணைந்தது போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகுதான்.

இடைப்பட்ட காலத்தில் எண்ணெயில் ஓடிய மின்பிறப்பாக்கிகள்தான் விளக்கேற்றின. அதற்கும் விலை இருந்தது. சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் இருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றியுள்ள கிணறுகள் பாழாகின. 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் அனல்மின் நிலையம் வரவிருந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2016இல் கைவிடப்பட்டது. மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் வேண்டாம் என்று 2025இலும் அங்கே மக்கள் வீதியில் நின்றார்கள். சுத்தமான மின்சாரம் என்றாலும் யாருடைய கடலோரம், யாருடைய வயல் என்ற கேள்வி போகாது.

ஆகவே ஒரு யூனிற்றை மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம் இல்லை. பில்லில் எழுதாத ஒரு பகுதியும் அந்த யூனிற்றுக்கு இருக்கிறது.

பில்லை வாசிக்கிற விதம்

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். எங்கட வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பு. 30, 60, 90, 120, 180 என்று படிகள். குறைவாகப் பாவிக்கிற வீட்டைப் பாதுகாக்க, கூடப் பாவிக்கிற வீட்டிடம் அதிகம் வாங்குவதே நோக்கம். இதன் விளைவு என்ன? ஃபானும் விளக்கும் பிரிட்ஜும் கீழ்ப்படிகளில் முடிந்துவிடும். அதற்கு மேல் வருகிற ஏசியின் யூனிற் ஒவ்வொன்றும் மேல்படி விலையில்தான் விழும். மிச்சம் பிடிக்கிற யூனிற்றும் அதே மேல்படியில் இருந்தே கழியும். அதனால் ஏசியில் கொஞ்சம் குறைத்தாலும் பில்லில் நிறையத் தெரியும்.

ஒரு சாதாரண கூரை ஃபான் ஏறத்தாழ 75 வாட். இரவு 8 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 18 யூனிற். புது வகை பிஎல்டிசி ஃபான் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. 12000 பிரிஎயூ அளவுள்ள பழைய ஏசி ஓடும்போது 1 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். இடையிடையே நின்று ஓடுவதைக் கழித்தாலும் இரவுக்கு 6 யூனிற், மாதத்துக்கு 180. கடைசிப் படி தொடங்குகிற எண்ணும் அதேதான். ஒரே ஓர் ஏசி உங்களை உச்சிப் படியில் ஏற்றி விடுகிறது.

என்ன செய்யலாம்? வரிசை முக்கியம். முதலில் வெப்பத்தை உள்ளே விடாதீர்கள். பகல் முழுக்க வெயிலில் வெந்த கொங்கிறீற் தட்டு, இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி அந்தச் சூட்டோடுதான் சண்டை பிடிக்கிறது. தட்டுக்கு மேல் வெள்ளைப் பூச்சு, கீழே சீலிங், மேற்குச் சுவருக்கு ஒரு மரம் அல்லது நிழல்பந்தல். இவை ஒரு தடவைச் செலவு. அடுத்தது, ஏசியையும் ஃபானையும் சேர்த்துப் போடுங்கள். காற்று உடம்பில் படுவதால் 27 பாகையும் 25 போலத் தெரியும். பிறகு ஃபில்டரை இரண்டு கிழமைக்கு ஒருக்கா கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், ஓட்டம் நீளும். வெளியே இருக்கிற பகுதியைச் சுற்றிப் பெட்டி அடித்து மூடாதீர்கள், அது சூட்டை வெளியே விட வேண்டும். விடியப்புறம் மூன்று நாலு மணிக்குத் தானாக நிற்கும்படி ரைமர் வையுங்கள். புதுசு வாங்குவதென்றால் இன்வேட்டர் வாங்குங்கள். ஆனால் நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பாவிக்கிற அறைக்கு அந்தக் கூடுதல் விலை கெதியில் திரும்பி வராது.

தடாகம் இருந்தால், பம்பியை மாற்ற முன் இரண்டு விசயம். தேவைக்கு மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை ஓட விடாதீர்கள். நேரத்துக்கேற்ற கட்டணமுள்ள இணைப்பென்றால் அந்த நேரம்தான் மிக விலை கூடியது. சாதாரண இணைப்பென்றாலும், நாடு முழுக்க எண்ணெய் எரிக்கிற நேரம் அது. கூரையில் சோலர் இருக்கிறவர்கள் பம்பியைப் பகலில் ஓட விடுவது மேல். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால் பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்க வேண்டி வந்தது. பகலில் மிஞ்சுகிறது, இரவில் போதவில்லை. நாட்டின் இன்றைய சிக்கல் அதுதான்.

இதெல்லாம் தனித்தனி வீட்டில் செய்கிற வேலை. அதோடு முடிந்துவிடாது. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே அச்சில் கட்டப்பட்டன. தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் சின்ன யன்னலும். அந்த வீடுகளில் இருக்கிறவர்களிடம் ஏசி இல்லை, ஃபான் பில்லுக்கே கணக்குப் பார்க்கிறார்கள். 2023இல் பில் கட்ட முடியாமல் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வெப்பம் கூடிக்கொண்டு போகிற நாட்டில் நிழலும் காற்றும் வீட்டுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று பிரதேச சபையிடமும் வீடமைப்புத் திட்டக்காரரிடமும் கேட்க வேண்டியது நாங்கள்தான். புதுவீடு கட்டப் போகிற நண்பருக்கு, வரைபடம் கீறுகிறவரிடம் முதல் கேள்வியாக 'சோளகம் எந்தப் பக்கத்தால வரும்?' என்று கேட்கச் சொல்லுங்கள்.

உங்கட வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். படுக்கப் போக முன் மீற்றரில் இருக்கிற எண்ணை எழுதி வையுங்கள். காலையில் எழும்பினதும் திரும்பப் பாருங்கள். ஏசி போட்ட ஓர் இரவு, ஃபான் மட்டும் போட்ட ஓர் இரவு, இரண்டும் சேர்த்து 27இல் வைத்த ஓர் இரவு. மூன்று எண்ணையும் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். பிறகு எதைச் செய்யலாம் என்று வீட்டிலேயே முடிவெடுக்கலாம்.